டைனமோவைக் கழற்றலாமா? பழைய கார் சார்ஜிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, மோரிஸ் மைனர் வைத்திருக்கிறேன். மழையில் வைப்பர், லைட் போட்டுச் சிவப்பு விளக்கில் நின்றால் வெளிச்சம் மங்குகிறது. பேட்டரி புதுசு.

பதில்: பேட்டரி மேல் பழி போடாதீர்கள் தம்பி. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் லூகாஸ் சி40 டைனமோ நன்றாகச் சுற்றும்போதே 22 ஆம்பியர்தான், ஐடிலில், அதாவது கார் நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஏறக்குறைய ஒன்றும் தராது. ஹெட்லைட், பிரேக் லைட், வைப்பர், இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்து 15 ஆம்பியரைத் தாண்டும், அவ்வளவும் பேட்டரியிலிருந்துதான் போகிறது. சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள், தெரியும். டைனமோவுக்குப் பதில் பிற்காலத்தில் வந்த ஆல்டர்னேட்டர் என்றால் ஐடிலிலும் சார்ஜ் ஆகும். ஆனால் முதலில் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே மின்சாரம் திரும்பிப் போகும் வழியாக இருக்கும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி முடுக்குங்கள். பலருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

கேள்வி: 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைத்தது. அப்படியே மாட்டலாமா?

பதில்: புகை பார்க்க ஆசையா? டாஷ்போர்டில் மின்சாரத்தை அளக்கும் அம்மீட்டர் இருந்தால் அது பெரும்பாலும் 30 ஆம்பியர் வரைதான், சார்ஜ் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. பேட்டரி காலியான அன்று அதுவும் பழைய ஒயரும் சேர்ந்து வெந்துவிடும். அம்மீட்டரை விலக்கி வோல்ட்மீட்டர் வையுங்கள், பேட்டரிக்குத் தனியாகத் தடித்த ஒயர், நடுவில் பியூஸ். சார்ஜ் விளக்கின் பல்பை எடுத்துவிடாதீர்கள், அதன் வழியே போகும் கொஞ்ச மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. கார் பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு அந்த நொடியே போச்சு. எர்த்தையும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: பழைய காருக்கு ஏர்கான்?

பதில்: என் வேலை இல்லை. ஏர்கான்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது. ஆல்டர்னேட்டர் போடவா?

பதில்: நிற்கிற காருக்கு ஆல்டர்னேட்டர் எதற்கு? பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டுகிறோம், மிச்ச நாளெல்லாம் புளோக்குக் கீழே தூக்கம். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் போடுங்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுங்கள், வீட்டில் திட்டு வாங்குவது உங்கள் பாடு.

கேள்வி: டைனமோவை எடுத்தால் அது பழைய காரே இல்லை. இதை நீங்களே ஊக்குவிக்கலாமா?

பதில்: 1967-இல் எம்ஜிபி காருக்குக் கம்பெனியே ஆல்டர்னேட்டர் போட்டது. அப்போ அது பழைய கார் இல்லையா?

கேள்வி: கம்பெனி போட்டது வேறு, நீங்கள் போடுவது வேறு!

பதில்: சரி, டைனமோ கூட்டுக்குள்ளேயே ஆல்டர்னேட்டர் வைத்து விற்கிறார்கள், அதை மாட்டுங்கள்.

கேள்வி: அது வேஷம் அண்ணே.

பதில்: வேஷம் போட்டாலும் மழையில் லைட் எரியும். டைனமோதான் வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் மட்டும் எனக்குப் போன் போடாதீர்கள்.

கேள்வி: அண்ணே, பேட்டரி புதுசு, ஆனாலும் லைட் மங்க…

பதில்: எர்த்.