அங்கே அடிதடி, இங்கே ஆளில்லை
வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் இரண்டு ஊர்களில் வீடு பார்க்கிறோம். ஒன்றில் விளம்பரம் வந்த வார இறுதியிலேயே பத்துப் பதினைந்து குடும்பங்கள் வந்து நிற்கின்றன. கேட்ட விலைக்கு மேல் கொடுத்தாலும் கிடைப்பதில்லை. இன்னொன்றில் அதே அளவு வீடு மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கிறது, விலையும் குறைவு. ஒரே நாடு, ஒரே வங்கி வட்டி. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதில் வாங்கலாம்?

பதில்: வட்டி நாடு முழுக்க ஒன்றுதான், சரி. ஆனால் விற்காத ஊரின் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் அடிதடி நடக்கும் ஊரில் வைக்க முடியாதே. 'நாட்டின் வீட்டு விலை' என்று செய்தியில் வருவது நூற்றுக்கணக்கான சின்னச் சந்தைகளின் சராசரி. வீடு வாங்கப் போகிறவருக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை.

வேலை, பள்ளி, போக்குவரத்து இருக்கும் இடத்தில் கிராக்கி கூடும் என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட முக்கியமானது, வந்து சேரும் கூட்டத்துக்கு அந்த ஊரால் வீடு கட்டித்தர முடிகிறதா என்பது. பொருளாதார ஆய்வாளர் ஆல்பர்ட் சைஸ் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் எவ்வளவு நிலத்தில் கட்டவே முடியாது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார். கடல், ஏரி, 15 சதவீதத்துக்கு மேல் சரிவான மலை, எல்லாவற்றையும் கழித்தார். அப்படி நிலம் குறுகிய நகரங்களில் வீடு கட்டுவது சுணங்குகிறது, விலை ஏறுகிறது. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு மூன்று பக்கம் தண்ணீர், போதாததற்குக் கட்டட அனுமதிக் கெடுபிடி. ஹூஸ்டன் சமவெளி, எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் வழக்கமான மண்டலச் சட்டமே அங்கே கிடையாது. ஆயிரம் குடும்பங்கள் புதிதாக வந்தால் ஹூஸ்டனில் ஊர் அகலும், சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏலம் சூடாகும்.

ஆள் போகும் ஊரின் கதை வேறு. மனிதர்கள் மூட்டை கட்டிவிடலாம், வீடு எங்கே போகும்? டெட்ராய்ட்டில் 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள், 2020-ல் 6.4 லட்சம். வீடுகள் அத்தனை வேகமாகக் குறையாததால், கட்டிய செலவுகூடத் தேறாத விலைக்கு அங்கே வீடுகள் விற்றன. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள், அதாவது 13.8 சதவீதம், ஆளில்லாமல் கிடக்கின்றன. டோக்கியோவில் வீடு தேடுபவருக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை.

வட்டி ஏறினால் போட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடங்கும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2021-ல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்த வீட்டுக்கடன் வட்டி 2022 அக்டோபரில் 7-ஐத் தாண்டியது. வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள், உண்மை. ஆனால் மாறாத 3 சதவீத வட்டிக் கடனில் உட்கார்ந்திருப்பவர் அதை அடைத்துவிட்டு 7-க்கு ஏன் போகிறார்? அவரும் விற்கவில்லை. டெக்சாஸ் மாதிரிப் புது வீடுகள் வரிசையாக எழுந்த இடங்களில் விற்பனைக்கு நிற்கும் வீடுகள் கூடின. அதிகம் கட்டாத வடகிழக்கு மாநிலங்களில் அப்புறமும் தள்ளுமுள்ளுதான்.

ஆகவே உங்கள் இரண்டாவது ஊர் ஏன் அமைதியாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். புது வீடுகள் நிறைய வந்து நிற்பதால் என்றால் அதைப்போல் நல்ல இடம் கிடையாது. நிதானமாகப் பாருங்கள், பேரம் பேசுங்கள், கூரையை ஆள் வைத்துச் சோதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஆட்கள் வெளியேறுவதால் என்றால் நான் வாடகைக்குத்தான் போகச் சொல்வேன். இன்று நீங்கள் அடித்துப் பேசும் அதே பேரத்தை நாளை உங்களிடம் இன்னொருவர் பேசுவார்.

ஒரு ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அளப்பது சிரமமில்லை. விற்பனைக்கு நிற்கும் வீடுகளின் எண்ணிக்கையை ஒரு மாதத்தில் விற்கும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 120 வீடுகள் நிற்கின்றன, மாதம் 20 விற்கின்றன என்றால் ஆறு மாதச் சரக்கு. ஆறை ஒட்டி இருந்தால் இரு தரப்புக்கும் சமநிலை என்பது அமெரிக்கத் தரகர்களின் பழைய கணக்கு. இரண்டு, மூன்று என்றால் விற்பவர் கை ஓங்கியிருக்கிறது. வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடும் வேலையில் இருந்தபோது நான் விலைக்கு முன்னால் பார்த்தது 'எத்தனை நாளாக விற்பனையில்' என்ற கட்டத்தைத்தான். அதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. விற்காத விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதுபோல மறுபடி போடுவார்கள், நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். படங்களைப் பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது படத்து மரம் இலையுதிர்ந்து நின்றால் அந்த வீடு எப்போது சந்தைக்கு வந்தது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மூடிய உறையில் விலை எழுதித் தரச் சொல்கிறார்கள். மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று தெரியாமல் எவ்வளவு எழுதுவது?

பதில்: ஸ்காட்லாந்தில் இது சர்வசாதாரணம். 'இந்தத் தொகைக்கு மேல்' என்று விளம்பரம் செய்து, பலர் கேட்டால் கடைசி நாள் குறித்து ஆளுக்கொரு விலை வாங்குவார்கள். மெல்போர்னிலோ தெருவில் நின்று கூவி ஏலம் எடுப்பார்கள். கூவும் ஏலத்தில் எதிராளி எங்கே நிறுத்துகிறார் என்று கண்ணால் பார்க்கலாம், உறையில் அது முடியாது.

1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடி எண்ணெய் வயல்களை உறை ஏலத்தில் எடுப்பவர்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வயலின் மதிப்பை மிக அதிகமாக எடைபோட்டவருக்கே ஏலம் விழுகிறது என்றார்கள். போட்டியாளர்கள் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். வீட்டில் அது முழுக்கப் பொருந்தாது, நீங்கள் குடியிருக்கத்தானே வாங்குகிறீர்கள். ஆனால் பதினைந்து பேர் கேட்கிறார்கள் என்பதற்காகத் தொகையை ஏற்றாதீர்கள். இந்த விலைக்கு மேல் இன்னொருவர் வாங்கிப்போனால் வருத்தமில்லை என்று தோன்றும் தொகை எதுவோ அதை எழுதுங்கள், கொஞ்சம் சில்லறையோடு, முழு எண்ணாக வேண்டாம்; அதே முழு எண்ணை இன்னொருவரும் எழுதியிருக்கலாம்.

அப்புறம், உறையை ஒட்டும் முன் வங்கியிடம் பேசுங்கள். மதிப்பீட்டாளர் போடும் மதிப்பை வைத்துத்தான் கடன் கிடைக்கும். நீங்கள் அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு தொகையும் உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும்.

கேள்வி: "இன்னொருவர் பணத்தோடு தயாராக இருக்கிறார்" என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: முதல் கேள்வியில் வந்த முதல் ஊராக இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். நார்வேயில் தரகர் ஒவ்வொரு கேட்புவிலையையும் பதிவு செய்து வைக்க வேண்டும், வாங்கியவர் அந்தப் பதிவைப் பார்க்கலாம். அப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில், "சரி, அவருக்கே கொடுங்கள். ஒத்துவராவிட்டால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாவது ஊர் என்றால் வார முடிவுக்குள் கூப்பிடுவார்.