பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் ரன் பண்ணுங்க

கேள்வி: அண்ணா, ஜாவாஸ்கிரிப்ட்ல, முடிய நேரமாகுற வேலைக்குக் காத்திருக்க வைக்கிற ஏசிங்க் (async), அவெய்ட் (await) எல்லாம் வீடியோ பாக்கும்போது நல்லாப் புரியுது. தனியா எழுத உக்காந்தா டேட்டா வர வேண்டிய எடத்துல 'பிராமிஸ் பெண்டிங்'னு, அதாவது பதில் இன்னும் வரலன்னு, வந்து நிக்குது. இத எப்படித்தான் பழகுறது?

பதில்: தம்பி, வீடியோவ கொஞ்ச நாள் மூடி வைங்க. நாலே வரி எழுதுங்க. முதல் வரி கன்சோல்ல 1 போடணும், அடுத்தது செட்டைம்அவுட் (setTimeout, சொன்ன நேரம் கழிச்சு ஓட்டுற டைமர்) பூஜ்யம் மில்லிசெகண்ட் வச்சு 2, மூணாவது பிராமிஸ் (பின்னாடி வரப்போற பதிலுக்கான உறுதிச்சீட்டு) ஒண்ண ரிசால்வ் பண்ணி, அதாவது பதில் வந்துருச்சுன்னு முடிச்சு, அப்புறம் ஓடுற தென்குள்ள (then) 3, கடைசி வரி சும்மா 4. ரன் பண்றதுக்கு முன்னாடி எந்த வரிசைல வரும்னு பேப்பர்ல எழுதிருங்க, இதுதான் முக்கியம். வர்றது 1, 4, 3, 2. ஏன்னா ஜாவாஸ்கிரிப்ட் ஒரே திரெட்ல, அதாவது ஒரு நேரத்துல ஒரு வேலையாத்தான், ஓடுது, கைல இருக்கிற கோட முடிச்சிட்டுத்தான் வேற எதையும் பாக்கும், அப்பவும் தென்ல காத்திருக்கிறத எல்லாம் முடிச்சிட்டு அப்புறம்தான் டைமர் பக்கம் போகும்.

அடுத்து 'காத்திரு'ன்னு ஒரு பங்ஷன், செட்டைம்அவுட்ட பிராமிஸ்குள்ள வச்சு ஒரு செகண்ட் கழிச்சு ரிசால்வ் ஆகணும். அத மூணு தடவ வரிசையா அவெய்ட் பண்ணுங்க, மூணு செகண்ட் ஆகும். அதே மூணையும் ஒண்ணா கெளப்பிவிட்டு, எல்லாம் முடியுற வரைக்கும் காத்திருக்கிற பிராமிஸ் ஆல் (Promise.all) போட்டுப் பாருங்க, ஒரு செகண்ட்தான். கன்சோல் டைம் வச்சு நீங்களே அளந்து பாத்துட்டா மறக்கவே மறக்காது.

உங்க பிரச்சினைக்கு வர்றேன். ஏசிங்க் பங்ஷன் எத ரிட்டர்ன் பண்ணாலும் பிராமிஸாத்தான் வெளிய வரும், அதனால கூப்பிடற எடத்துலயும் அவெய்ட் வேணும். பட்டியல்ல ஒவ்வொண்ணா எடுக்கிற ஃபார்ஈச் (forEach) உள்ள அவெய்ட் போட்டாலும் அது காத்து நிக்காது, ஃபார் ஆஃப் லூப் போடுங்க. (நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதுல மாட்டிக்கிட்டிருந்தேன்.) பிராமிஸ் மொழிக்குள்ள வந்தது 2015ல, அவெய்ட் 2017ல, அதுவும் பிராமிஸ் மேல கட்டுனதுதான், அதனால தென் வச்சு ஒரு வாரம் எழுதிட்டு அவெய்ட்டுக்கு வாங்க.

அப்புறம் ஃபெட்ச் (fetch), நெட்ல இருந்து டேட்டா எடுக்கிற பங்ஷன். நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, தப்பு நடந்தா ஓடுற கேட்ச்சுக்குள்ள (catch) போகும். இல்லாத பக்கத்தக் கேளுங்க, 404 வரும், ஆனா கேட்ச்சுக்குள்ள போகாது! ரெஸ்பான்ஸ்ல ஓகே ட்ரூவான்னு நாமதான் பாக்கணும். வேணும்னே ஒடச்சுப் பாக்காம இதெல்லாம் கண்ணுல படாது.

இன்னிக்கே 'காத்திரு' எழுதுங்க. மூணு செகண்ட் ஒரு செகண்டா குறையலன்னா கோட அப்படியே அனுப்புங்க, அடுத்த இதழ்ல பாப்போம்.