தேய்மானம் என்னும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மன்னார்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. முதுமை பற்றிய உங்கள் கட்டுரையில் உங்களுக்கும் முழங்கால் வலி உண்டு என்று ஒரு வரி வந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன். சென்ற ஆண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எனக்கு இரண்டு முழங்கால்களிலும் மூன்றாம் நிலைத் தேய்மானம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் "நடக்காதீர்கள், இருப்பதையாவது மிச்சம் பிடியுங்கள்" என்கிறார்கள். ஹரித்ரா நதிக் குளத்தைச் சுற்றித் தினமும் நடந்தவள், இப்போது வாசலுக்கு வருவதே அரிதாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் மூட்டுக்கு நல்லதென்று குளுக்கோசமின் மாத்திரை அனுப்புகிறான். என் நாத்தனாருக்கு விரல்கள் வீங்கியிருக்கின்றன. காலையில் இரண்டு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடிவதில்லை. யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டதும் வலி பறந்துவிட்டது என்று சொல்லி, என்னையும் சாப்பிடச் சொல்கிறார். நடந்தால் இன்னும் தேயுமா? கோலம் போடுவதை விட்டுவிட வேண்டியதுதானா?

அன்புடன்,
சாந்தா

அன்புள்ள சாந்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது "மிச்சம் பிடியுங்கள்" என்னும் சொற்கள்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே அறிவுரை கிடைத்தது. என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர் ஒருவர், "தேய்ந்துவிட்டது, இனி கால்களுக்கு வேலை கொடுக்காதீர்கள்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். நான் அதை அப்படியே நம்பினேன். மாடிக்குப் போவதை நிறுத்தினேன், கடைக்குப் போவதை நிறுத்தினேன், விருந்தினர் வந்தால்கூட எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே வரவேற்றேன். இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது வலி குறைந்திருக்கவில்லை. தொடைகள் மட்டும் மெலிந்துபோயிருந்தன. கழிவறையிலிருந்து எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே நான் படித்ததை மட்டும் வைத்து இந்தப் பதிலை எழுதவில்லை.

தேய்மானம் என்றதும் நம் மனத்தில் எழுவது செருப்பின் அடிப்பாகம், வண்டியின் டயர், அம்மிக்கல். பயன்படுத்தினால் தேயும், பயன்படுத்தாமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்பது இப்பொருள்களின் இயல்பு. மூட்டு அப்படிப்பட்டதன்று. எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. ஆனால் அதற்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்குத் தேவையான உணவு மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்தே வந்தாக வேண்டும். நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தித் திரவத்தை வெளிவிடுகிறது, காலைத் தூக்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது; அந்த அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நடப்பதால்தான் உணவு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் சீராக நடக்கின்றன. நடக்காத முழங்கால் மிச்சமாகும் முழங்கால் அல்ல, பட்டினி கிடக்கும் முழங்கால். வீட்டில் இனி யாராவது மிச்சம் பிடிக்கச் சொன்னால், இந்த ஒன்றை மட்டும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது தசை. சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டின் மீது உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. படி இறங்கும்போது அது இன்னும் கூடுகிறது. அந்தச் சுமையின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் முதலில் மெலிவது அந்தத் தசைதான். தசை மெலிந்தால் அதிர்ச்சி முழுவதும் மூட்டில் இறங்கும், வலி கூடும், மேலும் உட்கார்வோம். என் இரண்டு ஆண்டுகள் இந்தச் சுழலுக்குள்தான் கழிந்தன. மூட்டு நோயுள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 60 வயதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள 439 பேரில் ஒரு பகுதியினரை நடக்கவும், இன்னொரு பகுதியினரைத் தசைப் பயிற்சி செய்யவும் வைத்தார்கள். மற்றவர்களுக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் கொடுத்தார்கள். பதினெட்டு மாதங்களின் முடிவில் பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் வலி குறைவாகவும் நடமாட்டம் மேலாகவும் இருந்தது. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதி செய்திருக்கின்றன.

மூன்றாம் நிலை என்ற எண்ணுக்கும் நீங்கள் அஞ்ச வேண்டாம். அது 1957இல் வகுக்கப்பட்ட ஓர் எக்ஸ்ரே அளவுகோலில் ஒரு படி. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரங்களில் எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்வது. வலியை அது அளப்பதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு நன்றாக நடப்பவர்களும் உண்டு, படத்தில் ஒன்றும் தெரியாமல் வலியில் துடிப்பவர்களும் உண்டு. உங்கள் காலால் என்ன செய்ய முடிகிறது என்பதை அடுத்த மூன்று மாதங்களில் நீங்களே பார்த்துச் சொல்லலாம்.

தொடங்கும் விதத்தையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் தவறுவது இங்கேதான். வைராக்கியத்தோடு முதல் நாளே குளத்தை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, மறுநாள் முழங்கால் வீங்கியதும் "சொன்னேனே, நடக்கக் கூடாது" என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். வலிக்கும் நாளுக்கும் வலிக்காத நாளுக்கும் பொதுவாக உங்களால் முடிகிற தொலைவு எதுவோ, அதை முதல் அளவாகக் கொள்ளுங்கள். அது ஐந்து நிமிடமாக இருந்தாலும் சரி. வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது சிறிது வலிப்பதால் மூட்டு கெட்டுவிடாது. பத்துக்கு ஐந்து வரையிலான வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், அது 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றும், திரும்பாவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது என்றும் எனக்குக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட விதி இதுதான்.

நடையோடு தசைப் பயிற்சியும் வேண்டும். கை வைக்காத, சற்று உயரமான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் நகராதபடி போட்டுக்கொண்டு, கைகளை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் இறங்குவதில்தான் தசைக்கு முழு வேலை. ஐந்து முறையில் தொடங்கலாம். முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். படுத்தபடி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்தி, ஐந்து வரை எண்ணிவிட்டு விடுவது இன்னொன்று. அதைப் படுக்கையை விட்டு எழும் முன்பே செய்துவிடலாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் மனம் சோரும். எனக்குச் சோர்ந்தது. அந்த வாரத்தைத் தாண்டிவிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. ஒருமுறை நேரில் போய்ச் செய்துகாட்டித் திருத்திக்கொள்வது நல்லது. வெளியே வரவே முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

சம்மணமிடுவதும் குந்துவதும் தேய்ந்த முழங்காலுக்குக் கடினம் என்பதால், அரிவாள்மணையை விட்டு மேடையில் கத்தியால் காய் நறுக்குவதிலோ கமோடு வைத்துக்கொள்வதிலோ கௌரவக் குறைவு எதுவும் இல்லை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஊன்றுகோல் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இதை மாற்றிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆகவே மூன்று நான்கு கிலோவே பெரிய உதவி.

மகன் அனுப்பும் குளுக்கோசமினைப் பற்றி: அவர் அன்பில் குறையில்லை. ஆனால் முழங்கால் நோயாளிகள் 1,583 பேரிடம் அதைச் சோதித்து 2006இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தில் அவர் உங்களுக்கு நல்ல நடைக் காலணி வாங்கி அனுப்பலாம். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் இரவில் தூங்க முடியாத வலி நீடித்தால், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைத் தோல்வியாக எண்ண வேண்டாம். அப்போதும் வலுவான தொடைத் தசையோடு போகிறவர்களுக்கே எழுந்து நடப்பது எளிதாகிறது.

இனி உங்கள் நாத்தனார். அவரைப் பற்றி நீங்கள் மூன்றே வாக்கியங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை அதிகம். தேய்மானத்தில் காலை நேரத்து மூட்டுப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இரண்டு மணி நேரம் விரல்கள் மடங்காமல் வீங்கியிருப்பது முடக்குவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். அது வேறு நோய். உடலின் காப்புப் படையே தன் மூட்டுகளின் உறையைத் தாக்கும் நோய் அது. பயிற்சியால் மட்டும் அதை நிறுத்த முடியாது. மருந்து வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால் காக்கப்படும் மூட்டுகள், காலம் தாழ்த்தினால் திரும்பக் கிடைக்காது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு இந்த நோய்தான். விரல்கள் கோணி, உள்ளங்கையைப் புண்ணாக்காமலிருக்கத் துணி சுற்றி, சக்கர நாற்காலியில் அமர்ந்து, பிறர் கையில் பொருத்திவைத்த தூரிகையால் 1919இல் இறக்கும் வரை அவர் வரைந்தார். அவருடைய உறுதியை நினைத்து நான் பலமுறை கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அவர் காலத்தில் இந்த நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லாததால்தான் அவ்வளவு உறுதி தேவைப்பட்டது. உங்கள் நாத்தனாருக்கு அது தேவைப்படக் கூடாது. அவரை வாதநோய் நிபுணரிடம் அழைத்துப் போங்கள். மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரை தரப்பட்டால் அது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உண்பது. தவறுதலாகத் தினமும் உண்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று நாட்காட்டியில் எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனைகளையும் தவறவிட வேண்டாம்.

அந்தப் பொடியை நீங்கள் தொடவே வேண்டாம். சாப்பிட்டதும் வலி பறந்துபோவதாகச் சொல்லப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பை மெலிக்கும். நாத்தனார் அதை நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் தானாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொடியைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் முறையில் நிறுத்தட்டும்.

கடைசியாகக் கோலம். நம் ஊர்களில் பலர் கோலம் போடும் முறையைக் கவனித்துப் பாருங்கள்: கால்களை அகட்டி நின்று, இடுப்பிலிருந்து குனிந்து போடுகிறார்கள். முழங்கால் ஏறக்குறைய நீட்டியபடியே இருக்கிறது. குந்தி உட்கார்ந்து போடுவதுதான் உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு முதுகு வலியோ தலைச்சுற்றலோ இல்லையென்றால் நீங்கள் கோலத்தை விட வேண்டியதில்லை. நாற்காலிப் பயிற்சியை இன்றே தொடங்கி, ஒரு மாதம் கழித்து, காலை நேரத்துப் பிடிப்பு விட்ட பிறகு, ஐந்து புள்ளியில் ஒரு சிறு கோலம் போட்டுப் பாருங்கள். பெரிய புள்ளிக் கோலம் மார்கழிக்கு இருக்கட்டும். மறுநாள் முழங்கால் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்