லிலிபாண்ட் மெதுவாக ஓடுகிறதா? ரேம் வாங்கும் முன் ஃபைலைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு சிவாஜிநகரில் எங்கள் தமிழ் சர்ச் பாடகர் குழுவுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் தயார் செய்கிறேன். இசைக்குறிப்பை எழுத்தாகத் தட்டச்சு செய்தால் அச்சுப் பக்கமாக்கித் தரும் லிலிபாண்ட் மென்பொருளில் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு), நான்கு குரல், அடியில் தமிழ் வரிகள். எண்பது பாட்டுகள் சேர்ந்த பிறகு, ஒரேயொரு சுரத்தைத் திருத்தினால்கூட பிடிஎஃப் வர நாலைந்து நிமிடம் ஆகிறது. எஸ்.பி. ரோட்டில் ரேம் வாங்கிப் போடலாமா? லேப்டாப்பையே மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். திரையிலேயே சுரங்களை வைத்துத் திருத்தும் மியூஸ்கோர் மென்பொருள் போல, நீங்கள் தொட்ட இடத்தை மட்டும் லிலிபாண்ட் திருத்திக் காட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஃபைலை முதல் வரியிலிருந்து படித்து, எல்லாப் பாட்டையும் புதிதாகக் கோக்கிறது. ஒரு ஃபைலுக்கு அது பயன்படுத்துவதும் பிராசசரின் ஒரே கோர்தான். எட்டு கோர் உள்ள லேப்டாப் வாங்கினாலும் மீதி ஏழும் சும்மா இருக்கும். ரேம் விஷயத்தை டாஸ்க் மேனேஜரே சொல்லிவிடும். கம்பைல், அதாவது ஃபைல் பிடிஎஃப்பாக மாறும் வேலை, ஓடும்போது மெமரி நிரம்பி டிஸ்க் அலறினால் மட்டும் எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள்.

உங்கள் நேரம் போவது, நீங்கள் இப்போது பார்க்காத எழுபத்தொன்பது பாட்டுகளில். ஒவ்வொரு பாட்டையும் தனி ஃபைலாக்குங்கள். ஃபான்ட், தாள் அளவு போன்ற பொது அமைப்புகளை இன்னொரு ஃபைலில் வைத்து, 'இன்க்ளூட்' மூலம் எல்லாவற்றிலும் சேருங்கள். முழுப் புத்தகத்துக்கு ஒரு தலைமை ஃபைல் இருக்கட்டும். அதை வாரத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். அன்றாடத் திருத்தத்துக்கு அந்தப் பாட்டின் ஃபைல் மட்டும். உங்கள் தொல்லையில் பெரும்பகுதி இத்தோடு தீர்ந்துவிடும்.

நீளமான பாட்டு என்றால் இன்னொரு வழி உண்டு. ஃபைலின் மேல்மட்டத்தில் 'ஷோ லாஸ்ட் லெங்த்' என்று எழுதி, ஐந்து முழு பார் (தாளக் கட்டம்) அளவு ஓய்வை மதிப்பாகக் கொடுத்தால் கடைசி ஐந்து பார் மட்டும் வரும். முடிவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இதுவே போதும். நடுவில் ஒரு பகுதியைத் தாண்ட வேண்டுமானால், ஸ்கோர் மட்டத்தில் 'ஸ்கிப் டைப்செட்டிங்' பண்பை அங்கே ட்ரூ என்றும், முடியும் இடத்தில் ஃபால்ஸ் என்றும் வையுங்கள். ஒரு குரலில் எழுதினாலே நான்கு ஸ்டாஃபுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஆனால் தாண்டிய பகுதியில் வேகமோ கருவியோ மாறினால் அந்த மாற்றமும் சேர்ந்து விடுபடும். அப்புறம் மிடியை (லிலிபாண்ட் தரும் ஒலி ஃபைல்) கேட்டுக் குழம்பாதீர்கள். வரைவுக் கட்டத்தில் மிடி பிளாக்கையே கமென்ட் செய்து (லிலிபாண்ட் படிக்காதபடி குறியிட்டு) வைப்பது இன்னும் நல்லது.

அடுத்தது பக்கம் உடைப்பது. எந்த வரி எந்தப் பக்கத்தில் விழுந்தால் அழகு என்று லிலிபாண்ட் பல வகையில் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அச்சில் அதன் பக்கங்கள் கையால் செதுக்கியதுபோல் இருப்பதற்கு இதுவும் காரணம், அதனால் எனக்கு இதில் குறை இல்லை. ஆனால் புத்தகம் முழுவதும் ஒரே தொடராக இருந்தால் கணக்கு பெருத்துவிடும். தலைமை ஃபைலில் பத்துப் பதினைந்து பாட்டுகளை ஒரு 'புக்பார்ட்' பிளாக்குக்குள் போடுங்கள். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக உடைக்கப்படும். வரைவுக்கு, பேப்பர் பிளாக்கில் பக்க உடைப்பை 'மினிமல் பிரேக்கிங்' என்று மாற்றலாம். கொள்ளும் அளவுக்கு வரிகளை நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பக்க எண்கள் மாறும் என்பதால் பொருளடக்கத்தை அப்போது நம்ப வேண்டாம்.

எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. விண்டோஸில் 2.22 என்றால் அது 32 பிட். பெரிய புத்தகத்துக்கு மெமரி போதாமல் திணறும். 2022 டிசம்பரில் வந்த 2.24 முதல் 64 பிட். லினக்ஸ் என்றால் லிலிபாண்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். லினக்ஸோடு வரும் சில லிலிபாண்ட் தொகுப்புகளில், அதன் உள்ளிருக்கும் கைல் என்ற மொழியின் நிரல்கள் முன்கூட்டியே கம்பைல் செய்யப்படாமல் வருவதுண்டு, அவை நன்றாகவே மெதுவாக ஓடும்.

பழைய டிடிபி ஃபான்ட்கள் நூற்றுக்கணக்கில் நிறுவியிருக்கிறீர்களா? தமிழ் வரி அடிக்கும் பலரிடம் இருக்கும். லிலிபாண்ட் முதல் முறை ஓடும்போது அத்தனையையும் பட்டியலிடுவதால் அந்த ஒரு முறை தாமதமாகும். அதை வைத்து வேகத்தை அளக்காதீர்கள்.

எண்பது ஃபைலையும் தனித்தனி பிடிஎஃப்பாக எடுக்க வேண்டிய நாளில், லினக்ஸில் 'ஜாப் கவுன்ட்' விருப்பத்தில் நான்கு என்று கொடுத்தால் நான்கு வேலை ஒன்றாக ஓடும். சும்மா இருந்த கோர்களுக்கு அன்றுதான் வேலை.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் மினிமல் பிரேக்கிங்கையும் ஸ்கிப் வரிகளையும் எடுத்துவிடுங்கள். பிடிஎஃப்பில் ஒரு சுரத்தைக் கிளிக் செய்தால் ஃபைலில் அதன் இடத்துக்குக் கொண்டுபோகும் 'பாயின்ட் அண்ட் கிளிக்'கையும் அணைத்து விடுங்கள். வேகம் பெரிதாக அதிகரிக்காது, ஆனால் பிடிஎஃப் சிறிதாகும். அணைக்காவிட்டால் உங்கள் கணினியின் ஃபோல்டர் பெயர்கள்கூட அந்த பிடிஎஃப்புக்குள் பதிந்து அச்சகத்துக்குப் போய்விடும்.