படம் பார்த்தாச்சு, கேளுங்கள்

2024, 2025இல் வந்த படங்களைப் பற்றி கொழும்புப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கோபப்படலாம், பரவாயில்லை.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைத் தமிழ்நாட்டில் தலையில் தூக்கி வைத்தார்கள். எங்கள் ஆட்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும்தான். இலங்கையில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம், தாங்கள் யாரென்று சொல்லாமல் சென்னையில் வாழப் பார்க்கிறது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். குண்டுச் சத்தத்தைக் காட்டி அனுதாபம் கேட்காமல், நாங்களும் பகிடி விடுகிற, வீட்டுக்குள் சண்டை பிடிக்கிற சனம்தான் என்று காட்டினாரே, அதற்கே கை தட்டினேன். ஆனால் சசிகுமார் ஒரு வசனத்தில் யாழ்ப்பாணம் போய், அடுத்த வசனத்தில் மதுரைக்குத் திரும்பிவிடுகிறார். அதைக்கூட மன்னிக்கலாம், அவர் முயற்சியாவது செய்தார். எனக்கு எரிச்சல், இந்தியப் படங்களுக்கு இலங்கைத் தமிழ் என்றால் ஒரே ஒரு தமிழ்தான் என்பதில். கொட்டாஞ்சேனைக்காரரும் மட்டக்களப்பாரும் ஹட்டன் ஆட்களும் ஒரே மாதிரியா கதைக்கிறோம்? என் வீட்டிலேயே மூன்று தமிழ் ஓடுகிறது. அப்புறம், அந்தக் குடும்பம் குடியிருக்கும் தெருவில் ஒருவர் விடாமல் நல்லவராக மாறுவது சீனி கூடின பிளேன்டீ. குடித்தேன், ஆனாலும் இனிப்பு அதிகம்.

தெஹிவளையிலிருந்து: 'கூலி' முதல் காட்சிக்கு லீவு போட்டுப் போனேன். ஏமாந்தேனா?

பாதி. ரஜினி நடிக்க வந்து 50 வருடமாகிற நேரத்தில் வந்த படம், அதனால் கத்தினோம், நானும் கத்தினேன். சௌபின் ஷாஹிர் வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிணத்தைக் கண நேரத்தில் எரிக்கும் நாற்காலியை நம்பச் சொல்லும்போது இயக்குநர் லோகேஷ் என்னை விட்டுவிட்டார். நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர்கான் என்று பந்தி நிறையக் கறி, சோறுதான் காணாது.

மருதானையிலிருந்து: 'கங்குவா'?

சத்தத்தைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்ட படம். சூர்யாவின் உழைப்பு பாவம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: சிங்களப் படம் ஒன்றும் பார்ப்பதில்லையா?

ஏன் இல்லை? அசோக ஹந்தகமவின் 'ராணி', 2025 ஜனவரி. 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய், மருத்துவர் மனோராணி சரவணமுத்துவின் கதை. அவரைக் குடிப்பவராக, புகைப்பவராகக் காட்டியதில் பெரிய சண்டை நடந்தது. எனக்கு அது பிரச்சினையே இல்லை, துக்கத்தில் இருக்கும் தாய் நல்ல பிள்ளையாகத்தான் நடக்க வேண்டுமா? மனோராணியாக வரும் சுவர்ணா மல்லவாராச்சி மகனைத் தேடி அலையும் இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. குறை வேறு: அந்தப் பெண்ணின் தமிழ்ப் பக்கம் எனக்குப் போதவில்லை. கொழும்பில் இங்கிலீஷும் சிங்களமும் கதைத்துக்கொண்டு தமிழராக இருப்பது தனிக்கதை, அதை ஹந்தகம தொட்டிருக்கலாம்.

வத்தளையிலிருந்து: அம்மாவுக்குக் காட்ட ஒரு படம் சொல்லுங்கள் அண்ணா.

'மெய்யழகன்'. வெளியான பிறகு நீளம் என்று சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். இரவு முழுக்க இரண்டு பேர் கதைப்பதுதான் படமே, அதில் நீளம் என்ன நீளம்! கார்த்தி சில இடங்களில் அன்பைக் கொஞ்சம் கூடவே கொட்டுகிறார் என்பது உண்மைதான். சரி, பாதியில் அம்மா எழுந்துபோய் ஊரில் இருக்கிற தம்பிக்கு கோல் எடுத்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.