பெறுபேறு வரும்வரை, விமானியாக விரும்பும் பிள்ளை என்ன படிக்கலாம்?

உயர்தரம் கணிதப் பிரிவு எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகள் விமானியாகத்தான் போவேன் என்று நிற்கிறாள், பயிற்சிப் பாடசாலைக்குக் காசு கட்டுமுன் அவள் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். இரத்மலானையிலுள்ள பயிற்சிப் பாடசாலைக்கு ஒரு ரூபா கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கண்ணாடி போடுவது தடையல்ல. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிய வேண்டும் என்பதே சர்வதேச நியமம். நிறப்பார்வைக் குறைதான் பலரைத் திடுக்கிட வைப்பது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதது பிள்ளைக்கே தெரியாமல் இருக்கும். புள்ளி அட்டையில் மறைந்த எண்ணை வாசிக்கச் சொல்லும்போதுதான் வெளிப்படும். பெண்பிள்ளைகளில் இது அரிது, ஆனாலும் பாருங்கள். இதயத் துடிப்புப் பதிவும் செவிப்புலச் சோதனையும் இதிலேயே அடங்கும்.

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரமான சி.பி.எல்.லுக்கு சர்வதேசக் குறைந்தபட்சம் 18 வயதும் 200 மணிநேரப் பறப்பும். அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியானால் 150 மணி. கப்டனாக அமரத் தேவையான மேல்நிலை அனுமதிப்பத்திரமான ஏ.டி.பி.எல்.லுக்கு 21 வயது, 1500 மணி. சி.பி.எல். மட்டும் இருந்தால் விமான நிறுவனக் கதவு திறக்காது. கருவிப் பறப்புத் தகுதியும் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) பல எஞ்சின் தகுதியும் கட்டணத்துக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனிப் படிப்பு. கேள்வி வங்கிகளை மனப்பாடம் செய்து எழுத்துப் பரீட்சையைத் தாண்டிவிடலாம். நேர்முகத் தேர்வில் கப்டன் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி "வரைந்து விளக்கு" என்று சொல்லும்போது அந்த மனப்பாடம் கைகொடுக்காது. ஆகவே காத்திருக்கும் மாதங்களில் கையில் பென்சிலோடு படிக்கட்டும். உயர்தரப் பௌதிகவியலே இதற்கு நல்ல அத்திவாரம்.

கொழும்பின் வெயிலிலிருந்தே தொடங்கலாம். கடல் மட்டத்தில் நியம வளிமண்டல வெப்பநிலை 15 பாகை. இரத்மலானையில் நண்பகல் 32 பாகை என்றால் 17 பாகை அதிகம். பாகைக்கு 120 அடி என்று பெருக்கினால் ஏறத்தாழ 2,040 அடி. கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் பயிற்சி விமானத்துக்கு, காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை, அது 2,000 அடி மேட்டில் நிற்பதற்குச் சமம். எஞ்சினுக்கு வலு குறையும், ஓடுபாதை அதிகம் தேவைப்படும். கூடவே ஈரப்பதன்: நீராவியின் மூலக்கூற்றுத் திணிவு 18, உலர்வளிக்கு 29, ஆகவே ஈரக்காற்று இலேசானது; ஈரக்காற்று கனமானது என்று சொல்லும் பிள்ளை இந்த இடத்தில்தான் தவறுகிறது. இன்னொரு தவறும் உண்டு. சூடான நாளில் வேகமானியில் கூடுதல் வேகம் காட்டும்வரை காத்திருந்து எழும்ப வேண்டும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. வேகமானி காட்டும் வேகம் அதேதான்; அந்த எண்ணை எட்டும்போது உண்மையான வேகம் கூடியிருக்கும், அதனால்தான் ஓட்டம் நீள்கிறது.

இதே ஈரப்பதன், எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டர் உள்ள சிறிய விமானங்களில் வேறு தொல்லையும் தரும். எரிபொருள் ஆவியாவதாலும் குறுகிய வழியில் அழுத்தம் விழுவதாலும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேல் இறங்கக்கூடும். வெளியே 28 பாகை இருக்கும்போதே, வலுவைக் குறைத்து இறங்கும் நேரத்தில், உள்ளே பனி கட்டும். நிலைக்கோண விசிறி (இதழ்களின் கோணம் மாறாதது) உள்ள விமானத்தில் முதல் அறிகுறி சுழற்சி எண்ணிக்கை மெல்லக் குறைவது. காபரேட்டர் வெப்பத்தை, அதாவது சூடான காற்றை உள்ளே விடும் வழியை, திறந்தால் எண்ணிக்கை இன்னும் விழும், எஞ்சின் கரகரக்கும், பனி உருகியதும் ஏறும். அந்தக் கரகரப்பைக் கேட்டுப் பயந்து வெப்பத்தை மூடிவிடுவது ஆபத்தான பிழை.

அடுத்தது, எதிர்க்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் பிட்டோ குழாயும், சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எடுக்கும் நிலையழுத்தத் துளைகளும். இதை வரையத் தெரியாமல் எந்தத் தொழில்நுட்ப நேர்முகத்துக்கும் போகக்கூடாது. மேலேறும்போது நிலையழுத்தத் துளை அடைத்தால் உயரமானி உறையும், ஏற்ற இறக்கமானி பூச்சியம் காட்டும், வேகமானி குறைத்துக் காட்டும். பிட்டோ குழாயும் அதன் வடிகால் துளையும் சேர்ந்து அடைத்தால், ஏற ஏற வேகமானி கூடுதலாகக் காட்டும். ஏன் என்பதை அழுத்த வித்தியாசத்தால் விளக்க வேண்டும். விடையை மட்டும் சொன்னால் அடுத்த கேள்வியில் அகப்படுவார்கள். 2009 ஜூன் 1 அன்று அத்திலாந்திக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447 விமானத்தில் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன, வேக அளவீடுகள் முரண்பட்டன, தானியங்கி விலகியது. பிறகு மூக்கு உயர்த்தப்பட்டு விமானம் ஸ்டோல் நிலைக்குப் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) போய், அதிலிருந்து மீளவில்லை. 228 பேர் இறந்தார்கள். குழாய்களின் அடைப்பு ஒரு நிமிடமளவில் நீங்கிவிட்டிருந்தது என்பதையும் மகள் அறிந்திருக்கட்டும்.

ஸ்டோல் என்பது எஞ்சின் நிற்பதல்ல. இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணமான தாக்குகோணம் எல்லை மீறி, மேற்பரப்பிலிருந்து காற்றோட்டம் பிரிவது. நேராகப் பறக்கையில் 50 நொட்டில் (மணிக்கு 50 கடல் மைல்) ஸ்டோல் ஆகும் விமானம், உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இரு மடங்கு சுமை ஏற்கிறது. 50ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 71 நொட்.

மனக்கணக்கும் வேண்டும். உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் இறங்கத் தொடங்கும் தூரம்: 36,000 அடிக்கு 108 கடல் மைல். கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேரே வரும் விமானம் மட்டக்களப்புக் கரைக்கு மேலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும் என்று வரைபடத்தில் அளந்து பார்க்கட்டும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் 3 பாகைச் சரிவுக்கான இறக்க வேகம்: 140 நொட்டுக்கு நிமிடத்துக்கு 700 அடி. ஓடுபாதை 22இல் (அதாவது 220 பாகைத் திசை), 260 பாகையிலிருந்து 16 நொட் காற்று என்றால் குறுக்குக் காற்று எவ்வளவு? கோணம் 40, அதன் சைன் 0.64, ஏறத்தாழ 10 நொட். இணைந்த கணிதம் படித்தவளுக்கு இது பெரிய விடயமில்லை, ஆனால் கல்குலேட்டரைத் தொடாமல் பத்து விநாடியில் வர வேண்டும்.

தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளையென்றால் ஒன்றைக் கவனியுங்கள். பரீட்சையும் நேர்முகமும் ஆங்கிலத்தில். வானொலித் தொடர்புக்கும் ஆங்கிலத்தில் சர்வதேச விமானத்துறை அளவுகோலின் 4ஆம் நிலையாவது வேண்டும். விடயம் தமிழில் தெளிவாகப் புரிந்திருந்தும் வாய் திறக்கும்போது தடுமாறுகிறார்கள். தமிழிலேயே விளங்கிக்கொள்வது நல்லது, அதை விட வேண்டாம். பிறகு மேலே சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கி போனில் பதிவுசெய்து, மறுநாள் தானே கேட்கட்டும். எங்கே வசனம் உடைகிறது, எங்கே சொல் கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, அன்றே மறுபடி பதிவுசெய்யட்டும்.