ஆறு அங்குல வாய்க்கு நாலு அங்குலக் குழாய்
கிச்சன் சிம்னி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "சிம்னி சரியா இழுக்கல, என்ன பண்ணலாம்?" பேஃபிள் பில்டரா (மடிப்புத் தகடு), மெஷ்ஷா (கம்பி வலை), பில்டரே இல்லாத மாடலா, வாங்கி எத்தனை வருஷம், பைப் வெளியே போகிறதா இல்லையா, ஒரு விவரமும் கிடையாது. டாக்டருக்குப் போன் போட்டு "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டால் அவர் என்ன மருந்து எழுதுவார்? விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வழக்கம்போல முதலில் ஒன்று. சிம்னியில் எதைக் கழற்றினாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பட்டனைத் தொட்டு நிறுத்தினால் மின்சாரம் உள்ளே வருவது நிற்காது.

பேஃபிள் பில்டர், மூன்று வருஷம் ஆகிறது. பில்டரை மாதாமாதம் கழுவுகிறேன். ஆனாலும் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. – வாசகி, மதுரை

இப்படித்தான் எழுத வேண்டும் அம்மா. சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, செய்தித்தாளில் அரைத்தாளைக் கிழித்துப் பில்டரின் அடியில் வையுங்கள். கையை எடுத்தாலும் தாள் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் பிளக்கைப் பிடுங்கி, பில்டரைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். இந்தத் தடவை தாளைக் கிட்டே கொண்டுபோனால் போதும், விரலை உள்ளே நீட்ட வேண்டாம். இப்போது தாளை நன்றாக இழுத்தால் குற்றம் பில்டர் மேல். வெளியே பளபளத்தாலும் மடிப்புக்குள் பிசின் இருக்கும். அப்போதும் இழுக்காவிட்டால் புளோயர் விசிறியிலோ பைப்பிலோதான் அடைப்பு. சிம்னி ஓடும்போது யாராவது வெளியே போய்ச் சுவரில் இருக்கும் மூடியைப் பார்க்கட்டும். தகடு திறக்கவே இல்லை என்றால் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் உள்ளே யாராவது குடியிருப்பார்கள். நான் பைப்பைக் கழற்றி அணில் கூடும் எடுத்திருக்கிறேன், புறாக் கூடும் எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, சமையலறைக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சிம்னியைப் போடுகிறீர்களா? வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

இரவில் சிம்னி ஓடாதபோதும் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. மோட்டார் போய்விட்டதா? – வாசகர், கன்னியாகுமரி

ஓடாத மோட்டார் எப்படிச் சத்தம் போடும் ஐயா? வெளிவாயிலுள்ள தகடு காற்றில் அடிக்கிறது. உங்கள் ஊர்க் காற்றுக்கு அடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெளியே வளைந்த மூடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

'ஆட்டோ க்ளீன்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். இப்போது சர்வீஸுக்கு வந்தவர் கழற்றிக் கழுவ வேண்டும் என்கிறார். ஏமாற்றுகிறாரா? – வாசகி, கோவை

அவர் ஏமாற்றவில்லை. விற்றவர்தான் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆட்டோ க்ளீன் என்பது புளோயரைச் சுற்றி ஒரு ஹீட்டர். சூடு ஏறியதும் புது எண்ணெய் இளகிக் கிண்ணத்தில் வடியும். பழைய எண்ணெய், மிளகாய்ப் பொடி, மாவுத் தூசி எல்லாம் சேர்ந்து கோந்தாக இறுகிவிட்டால் அந்தச் சூட்டுக்கு அது அசையாது. பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துகிறவர்களுக்குப் பலன் உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி அழுத்துகிறவர்களுக்கு இல்லை. எப்படி ஆனாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புளோயரைக் கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தை யார் கொட்டுவது? அதுவும் 'ஆட்டோ' இல்லை.

சிம்னி விளக்கு மட்டும் எரியவில்லை. – வாசகர், ஈரோடு

பல்பு.

புது வீடு. 1200 இழுவை என்று போட்ட சிம்னி. தாளித்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர் தும்முகிறார். கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து 'மிஷின் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொத்தனார் சுவரில் நாலு அங்குல பிவிசி பைப் பதித்திருக்கிறார். தச்சர் லாஃப்டுக்குள் மறைத்துக் கொண்டுபோயிருக்கிறார். – வாசகர், திருச்சி

இந்தக் கடிதத்துக்காகத்தான் பத்து வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மிஷின் நன்றாகத்தான் இருக்கும். கணக்கைப் பாருங்கள். பத்துக்கு எட்டு அடி சமையலறை, உயரம் பத்து அடி: மொத்தம் 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 1200 கன மீட்டர் இழுத்தால் அந்த அறையின் காற்றை ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவை மாற்றிவிடலாம். பத்துப் பதினைந்து தடவை மாறினாலே தாராளம். அப்படியானால் புகை ஏன் ஹாலுக்கு வருகிறது? பெட்டியில் போட்டிருக்கும் எண், காற்றுக்குத் தடை இல்லாதபோது கிடைக்கும் உச்சம். உங்கள் வீட்டில் தடையைத் தவிர வேறொன்றும் இல்லை.

சிம்னியின் வாய் ஆறு அங்குலம். அதன் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். நாலு அங்குலக் குழாயின் பரப்பு பன்னிரண்டரை. பார்வைக்கு ரெண்டு அங்குலம்தான் குறைவு, வழியோ பாதிக்கும் கீழே போய்விட்டது. கொத்தனாரிடம் கேட்டால் "பாத்ரூமுக்கு வாங்கின பைப் மிச்சம் இருந்துச்சு சார்" என்பார். கழிவுநீருக்கு வாங்கிய குழாய் தாளிப்புப் புகைக்கு எதற்கு? போதாக்குறைக்கு அது பிளாஸ்டிக். உள்ளே எண்ணெய் படிந்த குழாயில் தீப்பொறி ஏறினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும். உலோகக் குழாய்தான் போட வேண்டும்.

அடுத்து நம் தச்சர். அழகு கெடக்கூடாது என்று குழாயை லாஃப்டுக்குள் நுழைத்து, பீமைச் சுற்றி, ஃபிரிட்ஜுக்கு மேலே திருப்பி, மூன்று வளைவு கொடுத்திருப்பார். ஒவ்வொரு வளைவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. வளையும் அலுமினியக் குழாய் என்றால் இன்னும் விசேஷம்: ஐந்து அடி போதும் இடத்தில் பத்து அடியைச் சுருட்டித் திணித்துவிட்டு, அக்கார்டியன் மாதிரி விட்டுவிடுவார்கள். மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் தேங்கும்.

செய்ய வேண்டியது: சுவரை ஆறு அங்குலத்துக்கு உடையுங்கள். டைல்ஸ் போகும், மனசு வலிக்கும், ஆனால் வேறு வழி இல்லை. குழாய் முடிந்தவரை நேராக, பத்து அடிக்குள், ஒரு வளைவோடு வெளியே போகட்டும். வளையும் குழாயானால் இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். சுவரைத் தாண்டும் துண்டு வெளிப்பக்கம் லேசாகச் சரியட்டும், மழைநீர் உள்ளே வராது. இதைச் செய்யாமல் 1500 இழுவை மிஷின் வாங்கினால் சத்தம்தான் கூடும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, பூச்சுக்கு முன்பே டேப்பை எடுத்துப்போய் அந்த ஓட்டையை அளந்து பாருங்கள்.

பில்டரைக் காஸ்டிக் சோடாவில் இரவு முழுக்க ஊறவைத்தேன். கறுத்துப்போய் அரித்துவிட்டது. – வாசகர், சேலம்

மெஷ் பில்டர் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது தீப்பிடிக்கும் வாயுவும் கிளம்பும். சாக்கடை அடைப்புக்குப் போடும் பொடியும் அதே ஜாதிதான். இந்த எச்சரிக்கையை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! புதுசு வாங்குங்கள். இனிமேல் கொதிக்கும் தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு கைப்பிடி ஆப்ப சோடா, அரை மணி நேரம். கம்பி நார் வேண்டாம், பழைய டூத் பிரஷ் போதும்.

சுவிட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, விசிறி சுற்றவில்லை. – வாசகர், தஞ்சாவூர்

அநேகமாகக் கெபாசிட்டர், மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவும் சின்னப் பாகம். சில நூறு ரூபாயோடு முடியும் வேலை. "மோட்டாரையே மாற்ற வேண்டும்" என்று சொல்பவரிடம் முதலில் இதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விசிறி எண்ணெயில் இறுகியிருந்தாலும் இதே முனகல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். முனகும்போது ஓடவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். கெபாசிட்டரைப் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பேஃபிள் பில்டரைக் கழுவி மாட்டியதிலிருந்து அடுப்பு மேல் எண்ணெய் சொட்டுகிறது. – வாசகி, நாகர்கோவில்

பில்டரைத் திருப்பி மாட்டிவிட்டீர்கள். மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் எண்ணெய் கிண்ணத்துக்கு வழியும். குறுக்கே மாட்டினால் மடிப்பிலேயே தேங்கிச் சாம்பாரில் சொட்டும்.

வாடகை வீடு, சுவரை உடைக்க ஓனர் விடமாட்டார். பைப் இல்லாத கரி பில்டர் சிம்னி போடலாமா? – வாசகி, சென்னை

போடலாம், ஆசையைக் குறைத்துக்கொண்டு. எண்ணெயும் வாசனையும் கொஞ்சம் குறையும். சூடும் ஆவியும் அப்படியே அறைக்குள் திரும்பும். கரி பில்டரைக் கழுவ முடியாது, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மீன் வறுக்கிற வீடு என்றால் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனே மேல்.

சிம்னி உடம்பில் கை பட்டால் சுருக்கென்கிறது. – வாசகர், வேலூர்

இப்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் இல்லை, அல்லது உள்ளே ஒயர் உரசுகிறது. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னாக வெட்டியிருந்தால் அதை எனக்கு எழுத வேண்டாம், கோபம் வரும்.

கேஸ் வாசனை வந்தால் சிம்னியைப் போட்டு வெளியேற்றிவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். சரியா? – வாசகி, புதுச்சேரி

அக்காவிடம் உடனே போய்ச் சொல்லுங்கள்: கூடவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். மேலே இருக்கும் சிம்னிக்கு அது எட்டாது. சுவிட்சில் கிளம்பும் பொறி மட்டும் அதற்கு எட்டிவிடும். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்தபின் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சிம்னியை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்? – வாசகர், திண்டுக்கல்

அடுப்பு பற்றவைக்கும்போதே போடுங்கள், இறக்கிய பிறகு பத்து நிமிஷம் ஓடட்டும். சிம்னி ஓடும்போது சமையலறை சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள்.